இருமினால் கசிகிறதா? சொன்னால் குணமாகும்

காலையில் நடவுக்கு இறங்கும் நம் பெண்கள் மதியக் கஞ்சிக்குத்தான் கரையேறுகிறார்கள். வரப்புக்கு அப்பால் உள்ள தோப்பு ஊர்க்காரருடையது. அங்கே ஒதுங்கினால் சாதி சொல்லித் திட்டுவார்கள். சாலையோரம் ஆள் நடமாட்டம். அதனால் அடக்கிக்கொள்கிறார்கள், தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் நம் பெண் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள்.

உடம்பு இதைப் பொறுக்காது. சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். தண்ணீர் குறைவாகக் குடித்து, சிறுநீரை மணிக்கணக்கில் தேக்கினால் கிருமி பெருக இடம் கொடுக்கிறோம். பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே என்பதால் கிருமி எளிதாக ஏறிவிடும். எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி முட்டுதல் வந்தால் 'சூட்டு நீர்க்கடுப்பு' என்று மோர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறோம். காய்ச்சலும் குளிரும் முதுகு வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். சிறுநீரில் ரத்தம் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வெளியில் சொல்லாமல் மறைக்கும் இன்னொரு தொல்லை, கசிவு. இருமினால், சிரித்தால், குடம் தூக்கினால் சேலை நனைகிறது. பிரசவத்தில் இடுப்பின் அடித்தசை தளர்வதே இதற்கு முக்கியக் காரணம். கூலி போய்விடுமே என்று பச்சை உடம்போடு சுமை தூக்கப் போவதும், நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இதைக் கூட்டும். முட்டியதும் ஓடுவதற்குள் கசிவது வேறு வகை. சர்க்கரை நோயும் காரணமாகலாம். வயதான ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கத்தாலும் சொட்டும்.

'வயசானால் அப்படித்தான்' என்று விடத் தேவையில்லை. சிறுநீரை நிறுத்துவதுபோல அடித்தசையை இறுக்கி, 5 நொடி பிடித்து, தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு 3 வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். அடி இறங்கியதுபோல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் காசு இல்லை. மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் கிராமச் செவிலியரிடம் முதலில் சொல்லலாம்.

மருந்தும் பயிற்சியும் பாதி வழிதான். ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரைக் குறைப்பவரிடம் 'நிறையத் தண்ணீர் குடி' என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மாணவர்களே, தண்ணீர் வராத கழிப்பறையைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த கிராம சபையில், தெருவுக்கும் வேலைத்தலத்துக்கும் தண்ணீரோடு கழிப்பிடம் கேட்டுத் தீர்மானம் போட வைப்போம். நம் அம்மாக்கள் இத்தனை காலம் அடக்கியது போதும்.