எட்டுப் போடும் முன்

கியர் வண்டி ஓட்டிப் பழக இந்தியாவில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் எடுப்பது பழகுநர் உரிமம், பேச்சுவழக்கில் எல்எல்ஆர். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்த பிறகே நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும். இந்த ஒரு மாதத்தைப் பலர் சும்மா கடத்திவிடுகிறார்கள். பழகுவதற்கென்றே சட்டம் ஒதுக்கிய காலம் அது. அப்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பயிற்றுநரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

பழக ஏற்ற இடம் காலி மைதானம். முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மும். வண்டி முன்னே நகரப் பார்க்கும். கையை அங்கேயே நிறுத்தப் பழகுவதுதான் முதல் பாடம். சட்டென்று விட்டால் வண்டி துள்ளும், அல்லது எஞ்சின் அணைந்துவிடும்.

வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவதே கடினம். வேகம் இருந்தால் வண்டி பெரும்பாலும் தானே நிமிர்ந்து நிற்கும்; வேகம் குறையக் குறைய அந்த வேலை ஓட்டுபவர் தலையில் விழும். தமிழ்நாட்டில் ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போடச் சொல்வதும் இதைச் சோதிக்கத்தான். கால் தரையில் படக் கூடாது. முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி திரும்ப வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் விழுந்தால் வண்டி சாயும். அடுத்துப் போக வேண்டிய வளைவைப் பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுவிடும்" என்பது புதியவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை. அது ஆபத்தான அறிவுரை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன்டயர் சாலையை இறுகப் பற்றுகிறது. பின்டயரோ பிடி தளர்ந்து வழுக்கப் பார்க்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையதுதான். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்க வேண்டும். மணல் கிடக்கும் இடத்திலும் வளைவின் நடுவிலும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. அது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும், ஆனால் நிற்கும் தூரத்தை ஒழித்துவிடாது.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வாரை மாட்டியபின் தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும். தனியே சுழன்றால் அளவு பெரிது. வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையில் நிற்காது.

பின்னால் ஆள் ஏறினால் வண்டி திரும்பும் விதமும் நிற்கும் தூரமும் மாறிவிடும். தனியாக ஓட்டிக் கை நன்றாகப் பழகிய பிறகே ஆள் ஏற்றுங்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் காப்பது அதுதான். அழகுக்காக அதைக் கழற்றிவிடாதீர்கள்.