‘சபலம்’ என்றால் என்ன? சலனம், சஞ்சலம் எல்லாம் ஒன்றுதானா?

“டயட்ல இருக்கேன்னு சொன்னாரு. ஜிலேபியைப் பார்த்ததும் சபலம் வந்துடுச்சு!” வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லும் வார்த்தை இது. இதுவே “அந்த ஆளுக்கு சபல புத்தி” என்று வரும்போது வசையாகிவிடுகிறது. இரண்டிலும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: ஆசைக்கு முன்னால் மன உறுதி தளர்வது.

எங்கிருந்து வந்தது?

சமஸ்கிருதச் சொல். நிலையாக நிற்காதது, சட்டென்று அசைவது என்று பொருள். மின்னலுக்கும், ஓரிடத்தில் தங்காத செல்வத்தின் தெய்வமான லட்சுமிக்கும் ‘சபலா’ என்ற பெயர் உண்டு. தமிழில் இந்த அலைபாய்தல் மனதோடு நின்றுவிட்டது. ‘சபலா ஏகாதசி’யில் வருவது வேறு சொல். அங்கே ‘பலன் தருவது’ என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதால்தான் குழப்பம்.

வித்தியாசம் என்ன?

சலனம் என்றால் அசைவு. சினிமாவை அந்தக் காலத்தில் ‘சலனப்படம்’ என்றது அதனால்தான். மனதில் லேசாக ஓர் அசைவு வந்தால் அது சலனம். அதற்கு ஆட்பட்டுவிட்டால் சபலம். சஞ்சலம் என்பது கவலை, குழப்பம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மாணவருக்கு வருவது சஞ்சலமே தவிர, சபலம் இல்லை.

எதிர்ச்சொல்?

மனத்திட்பம். திருக்குறளின் 67-வது அதிகாரமான ‘வினைத்திட்பம்’, முதல் குறளிலேயே இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது.

எங்கே பயன்படுத்தக் கூடாது?

பாலியல் சீண்டல் செய்திகளில் ‘சபல ஆசாமி’, ‘சபலத்தால் தவறிவிட்டார்’ என்று எழுதுவதும் பேசுவதும் சகஜமாகிவிட்டது. சிக்கல் இங்கேதான். சபலம் என்பது ஒருவர் தன் ஆசையிடம் தானே தோற்பது. ஜிலேபி சாப்பிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். ஆனால், விருப்பமில்லாத ஒருவரைத் தொடுவதில் பாதிக்கப்படுவது இன்னொருவர். ‘சபலம்’ என்று சொன்னதும் அந்த இன்னொருவர் காணாமல் போகிறார். தொட்டவர் ‘பாவம், பலவீனமானவர்’ ஆகிவிடுகிறார்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவு, இதைப் பாலியல் துன்புறுத்தல் என்ற குற்றமாகவே சொல்கிறது. எனவே ஜிலேபிக்கு ‘சபலம்’ சரி. அத்துமீறலுக்கு ‘அத்துமீறல்’ என்ற வார்த்தையே இருக்கிறது.