காரைக்குடிக்காரருக்குத் துருவத்தில் ஓர் உரிமை

1920-ல் செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறினார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம், அவர்கள் கேட்காமலே வேறொரு திசையிலும் கதவைத் திறந்தது. வட துருவப் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் நிலக்கரி வெட்டலாம், மீன் பிடிக்கலாம், வணிகம் செய்யலாம். பிரிட்டிஷ் இந்தியாவின் சார்பிலும் கையெழுத்து விழுந்ததால், அந்த உரிமை இன்றும் நமக்கு உண்டு.

தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதிப் பரப்புள்ள அந்தத் தீவுகள் நார்வேக்குச் சொந்தம். ஆனாலும் அதன் சட்டத்துக்கு உட்பட்டு, ஒப்பந்த நாட்டவர் எல்லோரும் நார்வேக்காரருக்குச் சமமாகத் தொழில் செய்யலாம். தங்குவதற்கு விசா கேட்பதில்லை. இன்னொரு விந்தை: அங்கே வசூலாகும் வரியை அங்கேயே செலவழிக்க வேண்டும்.

இந்தியா அங்கே வெட்டியெடுப்பது தரவுகளைத்தான். 2008-ல் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் திறந்தது. 2014-ல் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ‘இண்ட்ஆர்க்’ கருவித் தொடர், சுமார் 190 மீட்டர் ஆழக் கடலில் நங்கூரமிடப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் மூன்றை அடுக்கினால் வரும் உயரம் அது.

அந்தக் கடலில் பனி உருகினால் அடியிலுள்ள எண்ணெய் யாருக்கு? சட்டம் பனியைப் பார்ப்பதில்லை, கடலடியைப் பார்க்கிறது. கரை நிலம் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பகுதி கண்டத்திட்டு. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது காரைக்குடி–சென்னை தூரத்துக்குச் சற்றுக் குறைவாக, அதன் வளம் கரை நாட்டுக்கே. திட்டு அதற்கப்பாலும் நீள்வதை நிரூபித்தால் உரிமையும் நீளும். பனி உருகுவதால் கப்பல் போக வழி பிறக்கும், உரிமை கைமாறாது.

இங்கே ஒரு நண்டு நுழைகிறது. நீந்தும் மீன் கண்டத்திட்டுக்குச் சேராது. தரையில் ஊரும் பனிநண்டு எண்ணெயைப் போலவே திட்டின் சொத்து. 1920 ஒப்பந்தத்தைக் காட்டி லாட்வியா நிறுவனம் ஒன்று அந்த நண்டைப் பிடிக்க உரிமை கேட்டது. ஒப்பந்தம் 12 கடல் மைலோடு நின்றுவிடுகிறது என்றது நார்வே. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போவதைவிடச் சற்றே கூடுதல் தூரம், அவ்வளவுதான். 2023-ல் நார்வே உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. நண்டுக்குத் தந்தால் நாளை எண்ணெய்க்கும் தர வேண்டிவரும்.

ஒப்பந்த நாடுகள் சில இந்த 12 மைல் வரம்பை இன்னும் ஏற்கவில்லை. காரணம் காலக்கணக்கில் இருக்கிறது. கடலடி நிலத்தைச் சொந்தம் கொண்டாடும் வழக்கம் 1945-ல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் வெளியிட்ட அறிவிப்புக்குப் பிறகே பரவியது. 1920-ல் எழுதியவர்கள் அதைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குத்தான் இன்று எண்ணெயின் விலை.