உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் மாத்திரைகள்: நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்காக உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ பால்போசிக்லிப், ரிபோசிக்லிப் அல்லது அபெமாசிக்லிப் கொடுக்கப்பட்டிருக்கலாம். இவை மூன்றும் ஒரே வகை மருந்துகள்.

இவை எப்படி வேலை செய்கின்றன?

நம் உடலில் பழைய உயிரணுக்களுக்குப் பதிலாகப் புதியவை உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் அதற்கு அனுமதி கிடைக்க வேண்டும். சிடிகே4, சிடிகே6 எனும் புரதங்கள் அந்த அனுமதியைத் தருகின்றன. சில வகை மார்பகப் புற்றுநோயில், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இப்புரதங்களைத் தூண்டிவிடுவதால் புற்றுநோய் உயிரணுக்கள் பெருகுகின்றன. இந்த மாத்திரைகள் அப்புரதங்களைத் தடுக்கின்றன. உடன் கொடுக்கப்படும் ஹார்மோன் சிகிச்சை, ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலைக் குறைக்கிறது.

ஒரு வாரம் நிறுத்துவது ஏன்?

பால்போசிக்லிப், ரிபோசிக்லிப் மாத்திரைகளைப் பொதுவாக 21 நாள் சாப்பிட்டு, 7 நாள் நிறுத்த வேண்டும். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அங்கும் உயிரணுக்கள் பிரிய வேண்டியிருப்பதால், மருந்து வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகிறது. அந்த 7 நாளில் அவை மீண்டும் கூடுகின்றன. உடம்பு நன்றாக இருந்தாலும் ஓய்வு வாரத்தில் இம்மாத்திரையைச் சாப்பிடாதீர்கள்.

ஆனால், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரையை அந்த வாரத்திலும் தினமும் சாப்பிட வேண்டும். இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். நாள்காட்டியில் குறித்து வைத்தால் குழப்பம் வராது.

அபெமாசிக்லிப் மாத்திரைக்கு ஓய்வு வாரம் இல்லை. தினமும் இருவேளை சாப்பிட வேண்டும்.

எப்போது உடனே உதவி நாட வேண்டும்?

• காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது குளிர் நடுக்கம் ஏற்பட்டால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பனடோல் சாப்பிட்டுவிட்டுக் காலை வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவாக இருந்தாலும் பிள்ளைகளை எழுப்பத் தயங்காதீர்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமித்தொற்றும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

• அபெமாசிக்லிப் சாப்பிடுபவர்களுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படலாம். தொடங்கியவுடன் நிறையத் தண்ணீர் குடித்து, உங்கள் தாதியிடம் தெரிவியுங்கள்.

• ரிபோசிக்லிப் இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கலாம். படபடப்போ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவ உதவி நாடுங்கள்.

மறவாதீர்கள்

• இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள். அதன் முடிவைப் பார்த்தே மருத்துவர் அடுத்த சுற்றுக்கான அளவை முடிவு செய்வார்.

• ஒருவேளை மாத்திரையை மறந்துவிட்டாலோ, சாப்பிட்டபின் வாந்தி எடுத்தாலோ, அடுத்த வேளை இரட்டிப்பாகச் சாப்பிடாதீர்கள்.

• கிரேப்ஃப்ரூட் பழத்தையும் அதன் சாற்றையும் தவிருங்கள். அது உடலில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். பம்பளிமாஸ் சாப்பிடலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

• நாட்டு மருந்து, மூலிகைக் கஷாயம், சத்து மாத்திரை எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று மறைக்க வேண்டாம்.

உங்களுக்கான அளவும் நாள்களும் மாறுபடலாம். சந்தேகம் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் முதலில் உங்கள் மருத்துவரையோ மருந்தாளரையோ கேளுங்கள்.