ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்கள் மீது 44 வீதத் தீர்வை என்று அமெரிக்கா அறிவித்தது. ஜூலையில் அது 30 ஆனது, ஆகஸ்டில் 20க்கு இறங்கியது. நம் நாட்டில் தைக்கும் ஆடைகளை வேறெந்த நாட்டையும்விட அதிகமாக வாங்குவது அமெரிக்காதான். ஆகவே அந்த நான்கு மாதமும் தொழிற்சாலைகளில் தூக்கமில்லை. பஸ்ஸிலும் கடையிலும் ஒரே பேச்சு: இனி நாம் யார் பக்கம்? அமெரிக்காவா, சீனாவா, இந்தியாவா?

உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். சின்ன நாடு ஒன்று தன் சுதந்திரத்தை விற்காமல் வியாபாரம் செய்ய முடியுமா என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் 1952ஆம் ஆண்டைத்தான் எடுத்துச் சொல்வேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

அந்த ஆண்டு இலங்கைக்கு இரண்டு பக்கமும் இடி. கொரியப் போர் தொடங்கியதும் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை 1952இல் சரிந்து விழுந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. வாங்கலாம் என்றாலும் சந்தையில் போதிய அரிசி இல்லை. கூப்பன் அரிசியை நம்பி வாழ்ந்த நாடு இது. மார்ச் மாதம் டி. எஸ். சேனநாயக்க இறந்து, மகன் டட்லி பிரதமராகி, மே மாதத் தேர்தலில் வென்றிருந்தார். அமெரிக்காவிடம் அரிசியும் கேட்டார்கள், ரப்பருக்கு நல்ல விலையும் கேட்டார்கள். சந்தை விலைக்கு மேல் எதுவும் இல்லை என்பதே பதில்.

அதே நேரம் சீனாவுக்கு ரப்பர் இல்லை. 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை சீனாவுக்குப் போர்த் தேவைப் பொருட்களை அனுப்பக் கூடாது என்று தீர்மானித்தது. பிரித்தானியர் ஆண்ட மலாயாவும் ரப்பரை நிறுத்திவிட்டது. டயர் இல்லாமல் லொறி ஓடாது. கையில் அரிசி வைத்திருந்தவனுக்கு ரப்பர் தேவை, ரப்பர் வைத்திருந்தவனுக்கு அரிசி தேவை. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரும் அல்ல. சோவியத் ஒன்றியத்தின் வீட்டோவால் 1955 டிசம்பர் வரை வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் போனார். 1952 டிசம்பரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர் இங்கிருந்து போகும், 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து வரும். ரப்பருக்கு சிங்கப்பூர் சந்தை விலையைவிட அதிகம் கிடைத்தது. அரிசி உலக விலையைவிடக் குறைவாக வந்தது.

இதைச் செய்தது இடதுசாரி அரசாங்கம் அல்ல, கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி. திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படை நின்றது, கட்டுநாயக்கவில் அவர்களுடைய விமானப்படை இருந்தது. இரண்டும் 1957இல்தான் நம் கைக்கு வந்தன. சீனாவோடு தூதரக உறவும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. 1955இல் பாண்டுங் மாநாட்டில் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, சீனப் பிரதமர் சோ என்லாய் இருந்த அவையிலேயே, கம்யூனிசமும் ஒருவகைக் குடியேற்ற ஆதிக்கம்தான் என்று பேசினார். அதற்காகச் சீனா அரிசியை நிறுத்தவில்லை, நாமும் ரப்பரை நிறுத்தவில்லை. பொருள் வாங்குவது வேறு, வாயைப் பூட்டிக்கொள்வது வேறு என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டிருந்தன.

விலை கொடுக்காமல் இது நடக்கவில்லை. தடைசெய்த பொருளைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்பவருக்கு உதவி கிடையாது என்ற 1951ஆம் ஆண்டின் பேட்டில் சட்டப்படி அமெரிக்க உதவி நின்றது. ரப்பர் மரத்தின் இலைநோய்க்குத் தூவும் கந்தகத்தைக்கூட விற்க மறுத்தார்கள். இலங்கை அதைத் தாங்கிக்கொண்டது. 1956இல் சீன ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே அமெரிக்க உதவி மீண்டும் வந்தது.

எப்படித் தாங்க முடிந்தது? மூன்று காரணம் சொல்வேன். முதலாவது, எதிராளிக்கு அவசரமாக வேண்டிய ஒரு பொருள் நம் கையில் இருந்தது. இரண்டாவது, ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இருந்தது. ஐந்தாண்டு ஆனதும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். 1957இல் புதுப்பித்தபோது நிபந்தனைகள் மாறின, சந்தைக்கு மேலான விலை போய் அதற்குப் பதிலாகப் பொருளுதவி வந்தது. இப்படிப் பேசிப் பேசியே 1982 வரை ஓடியது. மூன்றாவது, இது கடன் அல்ல, பண்டத்துக்குப் பண்டம். கட்ட முடியாமல் போனால் எழுதிக் கொடுக்க வேண்டிய நிலமோ துறைமுகமோ இதில் இல்லை.

அம்பாந்தோட்டையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கட்டிய துறைமுகம் எதிர்பார்த்த வருமானத்தைத் தரவில்லை. 2017இல் அதன் 70 வீதப் பங்கு 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இரண்டு தடவையும் எதிரே இருந்தது சீனாதான். 1952இல் நாம் தேவையான பொருளோடு போனோம். 2017இல் அந்நியச் செலாவணி இல்லாமல் போனோம். நண்பன் யார் என்று தேர்ந்தெடுப்பதைவிட, எழுந்து வர முடிகிற நிலையில் போய் உட்காருவதுதான் முக்கியம். அந்த நிலையை மொத்தமாக இழந்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் எரிவாயு வரிசையில் நின்று எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

ஆனால் 1952இன் கதையை இதோடு நிறுத்துபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி நான் பிறந்த இடத்தில் இருக்கிறது.

கேகாலை மாவட்டத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். அம்மா பால் வெட்டினார். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்று இருட்டோடு மலைக்குப் போவார். கத்தியால் பட்டையைச் சாய்வாக, ஒரு நூல் அளவுக்கு மட்டும் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கணக்கப்பிள்ளை கத்துவார். சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துத் தலையில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவருவார். அங்கே வடிகட்டி, அமிலம் விட்டு உறைய வைத்து, ரோலரில் தேய்த்து, புகைக்கூட்டில் நாட்கணக்கில் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் ஷீட் வரும். வெட்டுக் காயத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலையும் உரித்துச் சேர்ப்பார். அந்தப் புகை வாசனை அம்மாவின் சேலையை விட்டுப் போனதே இல்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பேரும் இல்லை, கூலியும் இல்லை.

சீனாவுக்குக் கப்பல் ஏறியது அப்படியான ஷீட் ரப்பர்தான். நாட்டின் பேரம் பேசும் பலத்தை உண்டாக்கியவர்களில் மலையகத் தமிழர் பெரும் பங்கினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள். டட்லியை வெல்ல வைத்த 1952 தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மலிவாக வந்த அரிசியும் எல்லோர் வயிற்றுக்கும் மலிவாகப் போய்ச் சேரவில்லை. ஒப்பந்தம் ஆகி ஏழு மாதத்தில், கொத்து 25 சதத்துக்கு விற்ற கூப்பன் அரிசியை அரசாங்கம் 70 சதமாக்கியது. 1953 ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அமெரிக்க அழுத்தத்துக்குக் குனியாத பிரதமர் சொந்த மக்களின் பசிக்குப் பதில் சொல்ல முடியாமல் விழுந்தார்.

நாட்டின் சுதந்திரம் என்று மேடையில் பேசும்போது, அந்தச் சுதந்திரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். இன்று தைத்த ஆடையை விற்கிறோம், தேயிலையை விற்கிறோம், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் உழைப்பால் டொலர் வருகிறது. நம் பேரத்தின் பலம் இன்றும் அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

எந்த நாட்டோடு எந்த ஒப்பந்தம் வந்தாலும் நான் கேட்கும் கேள்விகள் நான்கு. எத்தனை ஆண்டு? இடையில் விலக வழி உண்டா? அவர்கள் கைவிட்டால் அடுத்து யாரிடம் போவோம்? லாபம் யார் வீட்டு அடுப்புக்கு வரும்? இவற்றுக்கான பதிலைக் கையெழுத்தாகும் முன்பே சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தோட்டத்துத் தொழிலாளியும் தையல் ஆலைப் பெண்ணும் வாசித்துக் கேள்வி கேட்க முடிகிற ஒப்பந்தத்தை, எவ்வளவு பெரிய நாடானாலும் நினைத்தபடி வளைக்க முடியாது.