ஆதிக்க நாயகனும் கேட்கப்படாத சம்மதமும்

காதல் உறவில் ஒருவர் கட்டளையிட, மற்றவர் அதற்கு மனமுவந்து இணங்கும் ஏற்பாட்டை மையமாகக் கொண்ட கதைகள், ஆங்கிலக் காதல் நாவல்களில் தனிக் கிளையாக வளர்ந்துள்ளன. பிடிஎஸ்எம் என்ற சுருக்கப் பெயரால் குறிக்கப்படும் இவ்வழக்கத்தை முதன்முதலாக அறிய வரும் ஒருவரே இக்கதைகளில் பெரும்பாலும் முதன்மைப் பாத்திரமாக அமைகிறார். பழக்கமற்ற அவர் எழுப்பும் ஐயங்களே வாசகரின் ஐயங்களும் ஆதலால், இவ்வுறவின் விதிகளைக் கதையோட்டத்தினூடே விளக்குவது நாவலாசிரியருக்கு எளிதாகிறது. அவ்விதிகளில் முதலாவது முன்னிசைவு. அதாவது எது வேண்டும், எது கூடாது என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்வது. இரண்டாவது நிறுத்தச்சொல், அதைச் சொன்ன நொடியில் அனைத்தும் நின்றாக வேண்டும். மூன்றாவது, முடிந்தபின் ஒருவரையொருவர் பரிவுடன் பேணுதல்.

இந்த நாட்டம் மேற்கிலிருந்து வந்த புதுமை என்று கருதுவது சரியன்று. கி.பி. 3ஆம் நூற்றாண்டையொட்டித் தொகுக்கப்பட்ட வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம், நகக்குறி, பற்குறி, அடித்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்களை ஒதுக்கியதோடு, அளவு மீறியதால் சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்னும் கணிகையின் உயிரிழப்புக்குக் காரணமான செய்தியையும் எச்சரிக்கையாகக் கூறுகிறது. ஐரோப்பாவில், ஒரு பெண்ணுக்கு அடிமையாக விரும்பும் ஆணைப் பற்றி லியோபோல்ட் ஃபான் சாகர்-மாசோக் 1870இல் நாவல் எழுதினார். மனநோய் மருத்துவர் கிராஃப்ட்-எபிங் அவர் பெயரைக் கொண்டே அந்நாட்டத்துக்கு நோய்ப்பெயர் சூட்டினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடோ, மனத்துயரையோ பிறருக்குத் தீங்கையோ விளைவிக்காத, இசைவுடன் கூடிய இத்தகைய நாட்டத்தை மனநோயாகக் கொள்ளவில்லை.

இவ்வகைக் கதையை உலகெங்கும் கொண்டு சேர்த்தது, இ. எல். ஜேம்ஸ் எழுதி 2011இல் வெளிவந்த ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ ஆகும். அனுபவமற்ற கல்லூரி மாணவியான அனஸ்தேசியா, செல்வந்தனான கிறிஸ்டியன் கிரே நீட்டும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து மறுப்புகளைத் தெரிவிக்கிறாள். இறுதிவரை அதில் கையெழுத்திடுவதில்லை. ஆயினும் அவளது கைபேசியைக் கொண்டு இருப்பிடத்தை அறிந்து பின்தொடர்வதும், அடுத்து வந்த நாவலில் அவள் பணிபுரியும் நிறுவனத்தையே விலைக்கு வாங்குவதும் எந்த முன்னிசைவிலும் அடங்கா. ஒப்பந்தத்துக்குள் நடப்பதைவிட அதற்கு வெளியே நடக்கும் இக்கண்காணிப்பே ஆபத்தானது என்று விமரிசகர்கள் சுட்டிக்காட்டினர். இந்நாவலின் திரைப்பட வடிவத்துக்கு 2015இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது.

தமிழ் நாவல்களில் பிடிஎஸ்எம் என்ற பெயரும் ஒப்பந்தமும் இல்லை. ஆதிக்க நாயகனுக்கோ பஞ்சமில்லை. 1969இல் ராணி முத்து தொடங்கியபின் பெருகிய மாத நாவல்களிலும், அவற்றின் வழியே நிலைபெற்ற குடும்பக் காதல் கதைகளிலும், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ரமணிசந்திரனின் புனைவுலகிலும், செல்வமும் செருக்கும் மிக்க ஆண் ஒருவன், தவறான புரிதலால் நாயகியைக் கடிந்து வருத்தி, முடிவில் உண்மை அறிந்து உருகுவது பழகிய அமைப்பாகும். முகப்பேர் போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில், வாடகை நூலகத்திலிருந்து அத்தகைய நாவல்களை எடுத்துவந்து படித்த தாய்மாரின் பிள்ளைகள், இன்று கைபேசிச் செயலியில் ‘ஆன்ட்டி ஹீரோ’ கதைகளைத் தொடர்களாகப் படிக்கின்றனர். கட்டாயத் தாலி, பழிவாங்கும் திருமணம், அறைந்தபின் அணைப்பு ஆகியவை அங்கே காதலின் படிகளாக அடுக்கப்படுகின்றன.

இக்கொடுமையைப் பெண்கள் ஏன் விரும்பிப் படிக்கின்றனர் என்ற வினாவுக்கு, அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட நூல் ஒரு விடை தருகிறது. காதல் நாவல் வாசகிகள் பலரை நேரில் கண்டு பேசிய அவர், வீட்டுப் பணிகளிலிருந்து தமக்கென ஒதுக்கிக்கொண்ட நேரமாகவே அவர்கள் வாசிப்பைக் கருதுவதையும், நாயகனின் முரட்டுத்தனத்தை வெளிப்படுத்தத் தெரியாத அன்பாகப் பொருள்கொள்வதையும் கண்டார். கதைக்குள் வாசகி பாதுகாப்பாக இருக்கிறாள். முடிவு இன்பமானது என்பது அவளுக்கு முன்பே தெரியும். வேண்டாமெனில் புத்தகத்தை மூடிவிடலாம். நாயகிக்கோ அந்த வசதி எதுவும் இல்லை. இசைவுடன் கூடிய பணிவுக்கும் வேறு வழியின்றி அடங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இந்திய நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஓரளவுக்கே ஏற்கிறது. 2013ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தத்தில் இடம்பெற்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் வன்புணர்வை வரையறுக்கும் 63ஆம் பிரிவிலும் தொடரும் விளக்கத்தின்படி, சம்மதம் என்பது ஐயத்துக்கிடமற்ற, தன்விருப்பமான உடன்பாடாகும். ஒரு பெண் உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டுமே சம்மதம் ஆகாது. ஆனால் பதினெட்டு வயது நிரம்பிய மனைவியுடன் கணவன் கொள்ளும் பாலுறவு வன்புணர்வு ஆகாது என்று அதே பிரிவு விலக்களிக்கிறது. தாலி கட்டியபின் சம்மதம் கேட்க வேண்டியதில்லை என்ற கதையுலகின் எண்ணமும் இந்த விதிவிலக்கும் ஒரே மனப்போக்கிலிருந்து பிறந்தவை.

ஆதலால், ஆதிக்கமும் பணிவும் கதையில் இடம்பெறுவதே குற்றம் என்பது பொருந்தாது. சங்க அக இலக்கியத்திலேயே ஊடிய தலைவியின் முன் தலைவன் பணிந்து நிற்கிறான். பிடிஎஸ்எம் என்ற பெயரை வெளிப்படையாகத் தாங்கிய ஆங்கில நாவல் ஒரு மாணவியின் கையில் ஒப்பந்தத்தைக் கொடுத்து மறுக்கும் வாய்ப்பையேனும் அளிக்க, குடும்பக் கதை என்ற மதிப்போடு உலவும் தமிழ் நாவல் பல வேளைகளில் அதையும் அளிப்பதில்லை. முரட்டு நாயகனை எழுதுவோர், அவன் நாயகியிடம் சம்மதம் கேட்கும் ஒரு காட்சியையும், அவள் மறுத்தால் விலகும் ஒரு காட்சியையும் எழுதட்டும்; வாசகரும் அக்காட்சிகள் இல்லாத கதையைக் காதல் கதை என்று ஏற்க மறுக்கட்டும்.