மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையும் நோவு தணித்தலும்

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு இன்றைய உருவத்தை அளித்தவர் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஜோன் சாண்லி ஆவார். 1962ஆம் ஆண்டில் உலோகத்தையும் பொலிஎதிலீனையும் இணைத்து அவர் அமைத்த மூட்டே பின்வந்தவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. எனினும், செயற்கை மூட்டைப் பொருத்துவதோடு சிகிச்சை நிறைவெய்துவதில்லை. நோயாளி எழுந்து நடத்தல் வேண்டும். முதற் சில நாள்களின் நோவு அதற்குத் தடையாகின்றது. முழங்கால் மூட்டை மாற்றியபின் எழும் நோவு பொதுவாக இன்னும் கடுமையானது.

நோவைப் பொறுத்துக்கொள்வதே மனவுறுதியின் அடையாளம் என்னும் கருத்து மக்களிடையே வேரூன்றியுள்ளது. ஆனால், நோவுக்கு அஞ்சி அசையாது கிடப்பவரின் காலிற் குருதி உறையக்கூடும். நுரையீரலிற் கிருமி தொற்றக்கூடும். முழங்கால் மடங்காது இறுகவுங்கூடும். ஆகவே, நோவு தணித்தல் நோயாளிக்குக் காட்டும் சலுகையன்று. சிகிச்சையின் ஓர் உறுப்பாகும்.

இதற்கு எதிர்மாறான தவறும் நிகழ்ந்துள்ளது. 1990களில் ஐக்கிய அமெரிக்காவில், நோயாளரின் நோவு புறக்கணிக்கப்படலாகாது என்னும் நியாயமான கோரிக்கையை மருந்து நிறுவனங்கள் தம் வணிகத்துக்குப் பயன்படுத்தின. அபின்வகை மருந்துகள் வரையறையின்றி வழங்கப்பட்டன. பலர் அவற்றுக்கு அடிமையாயினர். காலப்போக்கிற் பல்லாயிரவர் மாண்டனர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் காட்டியவர்களுள் டென்மார்க்கின் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றிக் கெலெற் முக்கியமானவர். வெட்டுண்ட இடத்தில் அழற்சி எழுகின்றது. நரம்புகள் அச்செய்தியைக் கடத்துகின்றன. மூளை அதனை நோவாக உணர்கின்றது. ஒவ்வொரு படியிலும் வெவ்வேறு மருந்தை அளவோடு பயன்படுத்தின், எந்த ஒன்றையும் மிகையாகக் கொடுக்க வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்து அவர் வலியுறுத்திய கொள்கை இதுவே.

இதன்படி பரசிற்றமோலும், அழற்சி தணிக்கும் மருந்துகளும், நோவு மிகும்வரை காத்திராது குறித்த நேரங்களில் வழங்கப்படுகின்றன. சிறுநீரகமோ இரைப்பையோ பழுதுற்றோருக்குப் பின்னையவை தவிர்க்கப்படும். அவுஸ்திரேலியரான கெர், கோகன் ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட முறைப்படி, சத்திரசிகிச்சையின்போதே மூட்டைச் சூழ்ந்த இழையங்களில் விறைப்பு மருந்து செலுத்தப்படுகின்றது. அபின்வகை மருந்துகள் எஞ்சிய நோவுக்கு மட்டும், குறைந்த அளவிற் சில நாள்களுக்கு அளிக்கப்படும்.

இம்முறையின் பயனைப் படுத்திருப்பவரின் அமைதியைக் கொண்டு மதிப்பிடலாகாது. எழுந்து சில அடிகள் வைக்கும்போது நோவு எவ்வளவு என அவரையே கேட்டறிதல் வேண்டும். பரசிற்றமோல் போன்றவை விலை மலிந்தவை. அவற்றை நேரந்தவறாது வழங்கவும், நோயாளியின் சொல்லை நம்பிக் கேட்கவும் போதிய தாதியர் இருத்தலே முதன்மையான தேவையாகும்.